நாலாம் முடக்கில் கேக்குதா?

மார்ச் 3, செவ்வாய்

இந்த டைரியின் முதல் பக்கத்தில் பெயர் எழுதக் கோடு போட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன்: போதுமணி. மூத்தவர் அண்ணன், அவருக்கப்புறம் எனக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள். நானும் பெண்ணாகப் பிறந்ததும் அப்பா சாமிக்குத் தகவல் சொல்லும் விதமாக இந்தப் பெயரை வைத்தார். தகவல் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை.

இன்றைக்கு நாலாம் முடக்கில் மறுபடியும் இரண்டு ஜீப் முகத்துக்கு முகம் நின்றுவிட்டன. மேலிருந்து சுருளி இறங்கியிருக்கிறான், கீழிருந்து தவசி ஏறியிருக்கிறார். அந்த வளைவில் ஒரு வண்டிக்குத்தான் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றுமே இல்லாத பக்கத்தைப் பார்த்து சுற்றுலா வந்த சென்னைக்கார அம்மா ஒருத்தர் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தெரியாத சாமிகளுக்குப் போய்விட்டாராம். கடைசியில் தவசிதான் வண்டியைப் பின்னாலேயே இறக்கி வழிவிட்டிருக்கிறார்.

சாயங்காலம் ஜீப் சங்கக் கூட்டம். சங்கத் தலைவர் ராசாங்கம். அதாவது என் அண்ணன். ரெண்டாம் முடக்கு தாண்டினால் செல்போன் வெறும் கடிகாரம், அதனால் கோடை சீசன் தொடங்குவதற்குள் எல்லா வண்டிக்கும் வாக்கிடாக்கி வாங்குவது என்று தீர்மானம். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள், பி.ஏ. படித்தவள், இங்கிலீஷில் போட்டிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்வாள் என்றார் அண்ணன். எல்லாரும் கை தட்டினார்கள். தவசி தட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. டிக்கெட் வாங்கும்போதுகூட எத்தனை பேர் என்று விரலைத்தான் காட்டுவார். நீலச் சட்டையில் காலர் ஓரம் நூல் பிரிந்திருக்கிறது. நான் ஒன்றும் உற்றுப் பார்க்கவில்லை, கவுண்டரிலிருந்து தெரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

மதுரைக்குப் போய் வந்தேன். கடைக்காரர் மூன்று விதம் எடுத்து வைத்தார்.

மஞ்சள் நிறத்தில் கைக்கடக்கமாக ஒன்று, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கறுப்பாகக் கனமாக ஒன்று, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவரைக்கும் எடுக்கும் என்றார். மூன்றாவது, ஜீப்பின் டேஷ்போர்டில் திருகிப் பதிப்பது. சுருள் ஒயரில் மைக், வண்டிக்கு வெளியே ஆளுயர ஏரியல்.

கறுப்பைக் கையில் எடுத்ததுமே பிடித்துப் போனது. "இதுக்கு லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணும்தான். ஆனா யாரு கேக்கப் போறா, அக்கா?"

எங்கள் மலைக்கு ஏறும் இடத்திலேயே வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது. அவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. கறுப்பை மனசில்லாமல் திருப்பி வைத்துவிட்டேன். மற்ற இரண்டுக்கும் லைசென்ஸ் வேண்டாமாம். சோதித்துப் பார்க்கத் தருகிறேன், பிடித்தால் வாங்குங்கள் என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

மஞ்சளைச் சோதித்தோம். ரெண்டாம் முடக்குவரைக்கும் கேட்கிறது. அவ்வளவு தூரத்துக்கு நான் கத்தினாலே கேட்கும்.

ஆனால் இன்றைய கூத்து அதுவல்ல. பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லவேண்டும், அப்போதுதான் எதிராளி பேச ஆரம்பிக்கலாம் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சுருளி டீக்கடையில் நின்றுகொண்டு, "அக்கா, டீ குடிக்கிறேன், சீனி போட்டாச்சு, ஓவர்" என்றான். டீ மாஸ்டர் கிளாஸைப் பிடுங்கிக் கீழே ஊற்றிவிட்டார். அதைவிட மோசம் அண்ணன். செக்போஸ்ட் வாசலில் நின்று கம்பீரமாக, "ஆளு ஏத்தியாச்சு, ஓவர்!" என்று சொல்லியிருக்கிறார். கார்டு வந்து வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஒவ்வொருத்தராக இறக்கி எண்ணினாராம்.

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. தலைவரின் மானம்தான் குறைந்துவிட்டது. இனிமேல் சங்கத்தில் யாரும் ஓவர் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

மார்ச் 11, புதன்

மதுரையிலிருந்து பதிக்கிற செட்டுகள் வந்தன. நாலைந்து வண்டியிலும், கவுண்டரிலும், தலைவர் என்ற ஹோதாவில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டு ஜன்னல் ஓரத்திலும் பொருத்தியிருக்கிறது. மலையுச்சிவரைக்கும் கணீரென்று கேட்கிறது. டீசல் இரைச்சலையும் மீறிக் கேட்கிறது. பட்டன் பெரிசு, குலுக்கலிலும் விரல் தவறாது. இதுதான் சரியென்று தோன்றியது.

தோன்றிய அரை மணியில் வந்தது வினை. மேலே இருந்த சுருளி தவசியிடம் பேசிவிட்டு, முடிக்கும்போது, "சரிண்ணே, வர்றேன்" என்றான். தவசி பதிலுக்கு, "சரிப்பா, நானும் வர்றேன்" என்றார். சுருளி வருகிறான் என்று தவசி கீழே காத்திருந்தார். தவசி வருகிறார் என்று சுருளி மேலே காத்திருந்தான். இரண்டு பக்கமும் டூரிஸ்ட்டுகள் கரடியாய்க் கத்தினார்கள். இட்லிக் கடை இரண்டாவது ஈடு போட்டு விற்றுத் தீர்த்தது.

அண்ணன் சுருளியைப் பிடித்து வைதார். "கெளம்புறதா இருந்தா வர்றேன்னு சொல்லு, பேச்ச முடிக்கிறதா இருந்தா வேற சொல்லுடா!"

"வேற என்னண்ணே சொல்ல? போறேன்னா?"

பெரிய டிரைவர் மொக்கைச்சாமி அண்ணன் எழுந்தே விட்டார். "மலையில வண்டி ஓட்டுறவன் வாயில போறேன்னு வரலாமா? நல்லா இருக்கே பேச்சு!"

யோசித்து யோசித்து, பேசி முடித்ததும் "போதும்" என்று சொல்வது என முடிவு. நல்ல தமிழ், குழப்பமில்லை என்றார் அண்ணன். தங்கை ஒருத்தி அதே பெயரில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. இன்றைக்கு முழுக்க யார் எதைப் பேசி முடித்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

முறையான சோதனை என்றால் தினமும் ஒரே வண்டியோடு பேசவேண்டும், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். தவசி வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அவர் வண்டியில் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. வேறு காரணம் கிடையாது.

கடைசி நடை முடிந்து மேல் ஸ்டாண்டில் அவர் நிற்கும் நேரத்தில் கூப்பிட்டேன். "தவசிக்கு கவுண்டர். கேக்குதா?"

"கேக்குதுங்க. மேகம் எறங்குது. அந்தச் சரிவு பூராம் வெள்ளையா இருக்கு. நீங்க பாத்திருக்கீங்களா?"

அடேயப்பா. ஒரு வாக்கியமல்ல, மூன்று! நல்ல குரல். இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தார்? நேரில் பேசாததற்குக் காரணம் கேட்டேன். "எதுக்க ஆளு நின்னா வாய் ஒட்டிக்கிருங்க. மைக்குன்னா பாறையப் பாத்துப் பேசலாம்" என்றார். முடிக்கும்போது, "போதும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மணி" என்றார்.

ஒலி தெளிவு.

மார்ச் 16, திங்கள்

மதுரைக் கடைக்காரர் போனில் ஒரு விசேஷம் சொன்னார். இந்தச் செட்டில் ரகசிய எண் என்று ஒன்று இருக்கிறதாம். இரண்டு பேர் ஒரே எண்ணை வைத்துக்கொண்டால் வேறு யார் தொந்தரவும் இருக்காதாம். வாங்கும் முன் இதையும் சோதிக்க வேண்டியது என் கடமை. நானும் தவசியும் எண் வைத்துக்கொண்டோம். உடனே சுருளியின் அலட்டல், மொக்கைச்சாமி அண்ணனின் இருமல், ஒன்றும் இல்லை. சுத்தமான அமைதி. எங்கள் இருவர் குரல் மட்டும்.

அவருடைய கிளச் பிளேட் பற்றிப் பேசினோம். ஒற்றை யானை தண்ணீர் குடித்துவிட்டுப் போனது பற்றி. எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். கொடுக்காப்புளி என்றேன். வல்லின எழுத்துகள் சரியாகப் போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பதற்கு அது தோதான சொல். போய்ச் சேர்ந்தது. கடுகுப்பூ நிறத்தில் நான் கட்டும் சேலை கவுண்டர் இருட்டிலும் பளிச்சென்று தெரிகிறது என்றார். அதைச் சோதனை முடிவில் சேர்க்கவில்லை.

மார்ச் 18, புதன்

வேடிக்கை. காலையில் சுருளி ஒரு பை நிறையக் கொடுக்காப்புளி கொண்டுவந்து கவுண்டரில் வைத்தான். "சும்மா, வழியில காய்ச்சுக் கெடந்துச்சு. நீங்க திங்கலாமேன்னு." இவனுக்கு எப்படித் தெரியும்? தற்செயல்தான்.

வீட்டில் மதினி பொன்னுத்தாய், "அந்த மஞ்சச் சேலையக் கட்டு. நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்றார். யார் சொல்றாங்க என்றேன். "ஊர்ல" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டார்.

ரகசிய எண் அருமையாக வேலை செய்கிறது.

மார்ச் 20, வெள்ளி

சோதனை தொடர்கிறது.

மார்ச் 21, சனி

இன்றைக்கு தவசியிடம் என் கல்யாணக் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, யாரும் கவுண்டருக்கு வரவில்லை, மைக் கையில் இருந்தது. கட்டிக் கொடுத்த வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த ஆள், "பேரே போதும், அப்புறம் என்னத்துக்கு ரெண்டாவது கரண்டி?" என்று சொல்லிச் சிரிப்பான். அவன் வீட்டார் எல்லாரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் பட்ட மற்றதையெல்லாம்விட அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அண்ணன் ஏன் வந்தாய் என்று இன்றுவரை கேட்டதில்லை. அதற்காக அவர் என்ன கூத்தடித்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

தவசி, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். அழுதுகொண்டு சொன்னேன். எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

இன்றைக்கு ஸ்டாண்டில் எல்லாருக்கும் என்ன ஆயிற்று? ஒருத்தரும் கிண்டல் பேசவில்லை. சுருளி என்னைப் "போதும்கா" என்று கூப்பிடாமல் "மணியக்கா" என்றான். மொக்கைச்சாமி அண்ணன் இட்லிப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக வைத்துவிட்டு, "ரெண்டு சட்னி கூட வச்சிருக்கேன்த்தா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

பங்குனி வெயில் மனிதர்களை இப்படி ஆக்கிவிடுகிறது போலும்.

மார்ச் 24, செவ்வாய்

மதினி குண்டைப் போட்டார். வரும் ஞாயிறு மூன்று மணிக்குக் கம்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவருடைய மாமன் வழியில் சொந்தமாம். திராட்சைத் தோட்டம், பெரிய வீடு, முறுக்கின மீசை. "போட்டோ?" என்றேன். "மீசைதான் பெரிசா விழுந்துருக்கு, முகம் தெரியல. நேர்ல பாத்துக்க" என்றார். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது வேட்டி எடுக்கப் போடிக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்லலாம். அண்ணன் வற்புறுத்த மாட்டார். ஆனால் ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? செட்டு சோதனை பாக்கியிருக்கிறது என்றா?

சாயங்காலம் தவசியிடம் சொன்னேன்.

"நல்ல எடமா?" என்றார்.

"திராட்சைத் தோட்டம்."

"திராட்சை ஒடம்புக்கு நல்லது" என்றார் அந்த மடையர்.

மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். போதும் என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இரண்டு நாள் பேசவில்லை. இன்றைக்குப் பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் கம்பத்து மீசை வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடும். வழக்கமான நேரம் வந்தது. பட்டனை அமுக்கினேன், கண்ணை மூடிக்கொண்டேன், ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. வெட்கமாக இருக்கிறது.

பட்டனை விட்டேன். காத்திருந்தேன். இரைச்சல்கூட இல்லை. செட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அவர் பதில் சொல்லவில்லை.

எழுந்து கவுண்டரைப் பூட்டினேன். எதிரில் மொக்கைச்சாமி அண்ணன் வண்டியிலிருந்து பாதி இறங்கி, என்னவோ சொல்ல வாயெடுத்து, மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 28, சனி

இந்தச் செட்டு வேண்டாம் என்று நாளைக் கூட்டத்தில் சொல்லிவிடுவேன்.

மார்ச் 29, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் கவுண்டர் முன்னால் சங்கக் கூட்டம். அண்ணன் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மேலே டூட்டியில் இருந்தவர்கள் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். தவசி கடைசி வரிசையில், தரையைப் பார்த்துக்கொண்டு. மதினி எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

"செட்டு எப்படி? சொல்லு" என்றார் அண்ணன்.

"வேண்டாம்ணே. நம்ப முடியாது. நாம பேசினா மேல போய்ச் சேரலை. பதில் வரமாட்டேங்குது."

"எப்ப வரலை?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

கூட்டத்தில் ஒரு மாதிரி சலசலப்பு. சுருளி எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "அக்கா, செட்டக் குத்தம் சொல்லாதீங்க. செட்டு சோக்கா வேலை செஞ்சுச்சு. நான் அன்னைக்கு மேல இருந்தேன். தவசிண்ணே பேசுனது முழுக்க எனக்குக் கேட்டுச்சு."

"அவர் பேசவே இல்லையேப்பா!"

"பேசுனாரு. 'மணி, எனக்கு நேர்ல பேச்சு வராது. கம்பத்துக்காரவுகளுக்குச் சரின்னு சொல்லீராதீங்க. நான் அண்ணங்கிட்ட வந்து கேக்குறேன்.' இதான் பேசுனாரு."

தவசி தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

மொக்கைச்சாமி அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான் கீழ ஸ்டாண்டுல இருந்தேன். எனக்கு அவன் பேசுனது கேக்கல. ஆத்தா பேசுனதுதான் கேட்டுச்சு. 'தவசி, ஞாயித்துக்கெழமை அந்தத் திராட்சை வந்து உக்காந்துச்சுன்னா நான் காப்பி கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன். நீங்க வந்து உக்காந்தா குடுப்பேன்.' சரியாத்தா?"

பூமி பிளக்கவில்லை. எனக்காக ஒருநாளும் அது பிளந்ததில்லை.

"நான் நடுவுல நாலாம் முடக்குல இருந்தேன்" என்றார் அண்ணன் மெதுவாக. "எனக்குக் கீச்சுன்னு மட்டும் கேட்டுச்சு."

அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கியிருக்கிறோம். பேசுகிற செட்டுக்குக் காது கிடையாது. அதனால் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர் பேச்சும், எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என் பேச்சும் கேட்டிருக்கிறது, நடுவில் இரண்டும் மோதிக் கீச்சாகியிருக்கிறது.

"ஆனா ரகசிய எண் போட்டிருந்தோமே!" என்று கத்திவிட்டேன்.

சுருளி பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, அது போட்டா மத்தவுக பேசுறது உங்களுக்குக் கேக்காது. அம்புட்டுத்தான். நீங்க பேசுறது மலை பூராம் கேக்கும். மொத நாள்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"ஒருத்தராச்சும் சொல்லலாமில்ல?"

"சொன்னா நிப்பாட்டிருவீகல்ல?"

மதினி டீத் தட்டோடு என்னைப் பார்க்காமல் நின்றார். சமையற்கட்டு ஜன்னலில் ஒரு செட்டு இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அண்ணன் தவசியைப் பார்த்தார். "எங்கிட்ட வந்து கேக்குறேன்னியாமே? நான் இங்கதான் இருக்கேன். கேளு."

தவசி எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். போய்விட்டார் என்றே நினைத்தேன்.

கவுண்டர் செட்டு கரகரத்தது. "தலைவருக்குத் தவசி. அண்ணே, கேக்குதா?"

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். கைக்கெட்டும் தூரத்தில் அவர் ஜீப். உள்ளே அவர், மைக்கும் கையுமாக, முகத்தை நேரே பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அண்ணன் மைக்கை எடுத்தார். "வாசல்ல உக்காந்துக்கிட்டுக் கேக்குதான்னு கேக்குறான் பாரு. எங்களுக்கு நல்லாக் கேக்குதுடா. நீ என்ன கேக்குற, அதச் சொல்லு."

"பொண்ணு கேக்குறேண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். பஸ் ஏறி வந்த அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தாரே, அதே பார்வை. மைக்கை என் கையில் கொடுத்தார். "நீயே சொல்லுத்தா."

அமுக்கினேன். "எனக்குச் சம்மதம்" என்றேன். சுருளி விசிலடித்தான்.

அண்ணனுக்கு அதற்குள் கவலை வந்துவிட்டது. "மூணு மணிக்குக் கம்பத்துக்காரவுக வந்துருவாகளே, அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?"

"கம்பத்துல யாரு இருக்கா?" என்றார் மதினி. "இந்த ஊமையன் வாயத் தொறக்கட்டும்னு நாந்தான் சும்மா ஒரு மீசைய அவுத்துவிட்டேன்."

"அடிப்பாவி! கேசரிக்குச் சொல்லிட்டேனே! வேட்டி எடுத்துருக்கேனே!"

"கேசரிக்கென்ன, தின்னா முடியுது. வேட்டி கல்யாணத்துக்கு ஆகட்டும்."

எல்லாரும் என் கையையே பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டனை நான் இன்னும் விடவில்லை. விசில், மீசை, கேசரி, வேட்டி, எல்லாம் மலையுச்சிவரைக்கும் போயிருக்கிறது. நான் பிடித்துக்கொண்டிருந்ததால் அவரால் ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியவில்லை. ஜீப்புக்குள் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விட்டேன்.

"மணி" என்றது செட்டு. "நான் எறங்கி உள்ள வரட்டுமா?"

வந்தார். கூட்டம் வழிவிட்டது. கவுண்டர் முன்னால் நின்றார், மைக் இல்லாமல், பாறை இல்லாமல், நேரே என் முகத்தைப் பார்த்து. உதடு இரண்டு தரம் அசைந்தது. மூன்றாம் தரம், "மணி" என்றார். அதற்கப்புறம் வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. மீதியை விரலால் காட்டப் பார்த்தார், எந்த விரலைக் காட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

பரவாயில்லை. மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.